கஷ்டத்தில் இருப்பவர்களோடு மரத்தடி தியானம்: எதைப் பார்ப்பது, எந்த வசனம், எப்படி நடத்துவது?

தோட்டப்பாளையம் வாசி கேட்கிறார்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வேலூரில் எங்கள் சபையில் ஒரு சந்திப்புக் குழு இருக்கிறது. ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜிலும் வாடகை அறையிலும் மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கிற குடும்பங்கள், தோல் கம்பெனி வேலை போய் வீட்டில் இருப்பவர்கள், சமீபத்தில் துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வாரம் ஒருமுறை சேருகிறார்கள். அறைக்குள் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிற நிலையில் பலர் இல்லை. அதனால் வரும் நாலு வாரமும் வெளியே அரை மணி நேரம் இயற்கையைப் பார்த்து, வேதவசனத்தோடு தியானிக்கலாம் என்று இருக்கிறோம்.

சந்தேகங்கள் நிறைய. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது, சுற்றி இருக்கிற மலையெல்லாம் காய்ந்து பாறையாக நிற்கிறது. பார்க்க என்ன இருக்கிறது? எந்த வேதபகுதி கஷ்டத்தில் இருப்பவருக்குத் தாங்கும்? மனசு நோகாமல் எப்படிப் பேசுவது? குழுவில் பெரியவர் ஒருவர், "மரத்தையும் காக்காவையும் பார்த்து தியானிக்கிறது நம்ம வழி இல்ல" என்கிறார். அதற்கும் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

வேப்பங்கொழுந்து:

ஸ்தோத்திரம் சகோ. முதலில் வெயில் விஷயம். நம் ஊரில் இந்தத் தியானத்துக்கு இதைவிடப் பொருத்தமான காலம் கிடைக்காது. வேம்பையும் புங்கனையும் பாருங்கள். மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு, கொட்டின கையோடு துளிர் விடுகின்றன. தென்மேற்குப் பருவமழை ஜூனில்தான் எட்டிப் பார்க்கும். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆக மழைக்கு மாதக்கணக்கு இருக்கும்போதே புங்கன் பளபளவென்று இளம்பச்சை கட்டுகிறது, வேம்பு சித்திரையில் பூத்துக் கொட்டுகிறது. போன வருஷ மழை மண்ணுக்குள் ஆழமாக இறக்கிவிட்டுப் போன ஈரத்தை வேர் எட்டிப் பிடிக்கிறது. தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தை மரம் இந்த நேரத்தில்தான் எடுத்துச் செலவழிக்கிறது. பக்கத்தில் உள்ள புல்லுக்கு அந்த வேர் இல்லை, மழை விழுந்தால்தான் அதற்கு உயிர்.

இதற்கு எரேமியா 17:7-8 எடுங்கள். "உஷ்ணம் வருகிறதைக் காணாமல் இலை பச்சையாயிருக்கிறதும், மழைத்தாழ்ச்சியான வருஷத்திலும் வருத்தமின்றித் தப்பாமல் கனிகொடுக்கிறதுமான மரம்." நம் பழைய மொழிபெயர்ப்பில் "காணாமல்" என்று இருக்கிறது. வேறு சில மொழிபெயர்ப்புகளில் "பயப்படாமல்" என்று இருக்கும். எபிரெயுவில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். எப்படி வாசித்தாலும் உஷ்ணம் வராது என்று வசனம் சொல்லவில்லை, மழைத்தாழ்ச்சி வராது என்றும் சொல்லவில்லை. அதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். கஷ்டத்தில் இருப்பவர்கள் அந்த நேர்மையை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இனி நடத்துகிற விதம். பெரும்பாலானவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்: பாடத்தை முன்னாலேயே கையில் வைத்துக்கொண்டு வந்து, அதற்கு மரத்தை ஒரு படமாகக் காட்டுவது. கேட்கிறவர் மரத்தைப் பார்ப்பதே இல்லை, உங்கள் வாயைத்தான் பார்ப்பார். வரிசையைத் திருப்புங்கள்.

முதல் 10 நிமிடம் பேச்சே கூடாது. ஒரே ஒரு பொருள், கைக்கெட்டும் தூரத்தில். முழு மரம் வேண்டாம், ஒரு கிளை நுனி போதும். வேம்பின் கிளை நுனியில் பார்க்க என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: பழைய இலைக்காம்பு உதிர்ந்த இடத்தில் தழும்பு, அதற்குச் சற்று மேலே செம்பு நிறத்தில் கொழுந்து, கொஞ்சம் கீழே அதுவே பச்சையாக மாறிக்கொண்டிருக்கிற இலை. ஒவ்வொரு சிற்றிலையின் விளிம்பும் அரம் மாதிரிப் பல் பல்லாக இருக்கும். அடிப்பக்கம் இரண்டு பாதியும் ஒரே அகலம் இருக்காது, ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் சரிந்திருக்கும். பூங்கொத்தில் தேனீயும் எறும்பும் வந்து போகும். பத்து நிமிடம் போதாது என்று தோன்றும்.

அடுத்த 5 நிமிடம், பார்த்ததை மட்டும் ஆளுக்கு ஒரு வாக்கியம். "தழும்புக்கு மேலேயே துளிர் வருது" என்றால் சரி. "நம்ம வாழ்க்கையும் இப்படித்தான்" என்று யாராவது ஆரம்பித்தால் அன்பாக நிறுத்தி, "அதுக்கு அப்புறம் வருவோம்மா, கண்ணுல பட்டது என்ன?" என்று கேளுங்கள். இந்த ஒரு கட்டுப்பாட்டில்தான் கூட்டம் நிற்கிறது. பிறகு வசனத்தை மெதுவாக இரண்டு தரம், இரண்டு வேறு குரலில் வாசியுங்கள். மறுபடி 5 நிமிடம் அமைதி. கடைசியில் பேச விரும்புகிறவர் பேசலாம், விரும்பாதவரைக் கேட்காதீர்கள். ஜெபம் மூன்று நாலு வாக்கியத்தில் முடியட்டும்.

மத்தேயு 6-ல் ஆண்டவர் பட்சிகளைக் குறித்தும் காட்டுப்புஷ்பங்களைக் குறித்தும் சொல்லும்போது தமிழில் இரண்டு இடத்திலும் "கவனித்துப்பாருங்கள்" என்றுதான் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டு வேறு வினைச்சொற்கள். 26-ம் வசனத்தில் உற்றுப் பார்ப்பது, 28-ம் வசனத்தில் நன்றாகக் கற்றுக்கொள்வது. அதுவும் "எப்படி வளருகிறதென்று" கற்றுக்கொள்ளச் சொல்கிறார். ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்புகிற வேலை இல்லை அது.

துக்க வீட்டார் வரும் வாரத்துக்கு ஒரு எச்சரிக்கை. யோபு 14:7-9-ஐ எல்லோரும் ஆறுதலுக்கு எடுப்பார்கள். வெட்டின மரம் "தண்ணீரின் வாசனையினால்" துளிர்க்கும் என்கிற இடம். அழகான வசனம்தான், ஆனால் யோபு அங்கே சொல்வது நேர்மாறு. மரத்துக்கு நம்பிக்கை உண்டு, மனுஷனோ செத்தால் எழுந்திருக்கிறதில்லை என்று 10-ம் வசனத்திலிருந்து புலம்புகிறார். பாதியில் நிறுத்தி வாசித்தால் யோபின் அழுகையை வெட்டி எறிந்ததாக ஆகும். முழுதும் வாசியுங்கள். அழுதுகொண்டிருப்பவருக்கு அந்த 10-ம் வசனமும் வேதத்தில் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். பதிலுக்கு, விதை செத்தால்தான் உயிர்க்கும் என்கிற 1 கொரிந்தியர் 15:36-38-ஐ அதே நாளில் ஒட்டவைக்க அவசரப்படாதீர்கள், இரண்டு வாரம் கழித்து வரட்டும். இன்னொன்று: எல்லா மரமும் வெட்டினால் துளிர்ப்பதில்லை. வேம்பும் புளியும் அடிக்கட்டையிலிருந்து கிளைக்கும். பனைக்கு வளரும் குருத்து உச்சியில் ஒன்றே ஒன்று, தலையை வெட்டினால் மரம் போச்சு. நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். "எல்லா மரமும் துளிர்க்கும்" என்று மேடையில் சொன்னால் பின்வரிசையில் இருக்கும் விவசாயி அதோடு கேட்பதை நிறுத்திவிடுவார்.

ஆற்றுமணல்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் எனக்கு ஒரு வருத்தம்: துளிரும் பூவும் மட்டும் காட்டினால் அரைப் பாடம்தான். வேலூரில் இருந்துகொண்டு பாலாற்றை விட்டுவிட முடியாது. காட்பாடியில் ரயில் இறங்கி வருகிற ஒவ்வொரு நோயாளியும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வருகிறார். கீழே பார்த்தால் மணலும் முட்புதரும்.

நந்தி மலைப் பக்கம் பிறந்து, மூன்று மாநிலம் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் சேருகிற 348 கிலோமீட்டர் ஆறு இது. வருஷத்தில் பெரும்பகுதி மேலே தண்ணீர் இருக்காது. 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடினதை எல்லோரும் பார்த்தோம். இதே மாதிரி ஆறுகளைத்தான் சங்கீதம் 126:4 சொல்கிறது: "தெற்கத்தி வெள்ளங்களைத் திருப்புவதுபோல, எங்கள் சிறையிருப்பைத் திருப்பும்." யூதாவுக்குத் தெற்கே உள்ள வறண்ட பூமியில் மழைக்காலத்தில் மட்டும் திடீரென்று நிரம்பி ஓடுகிற ஓடைகள் அவை. ஜீவநதி ஓடுகிற ஊரில் இந்த வசனத்தை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும், நமக்குப் பாலத்தில் நின்று கையைக் காட்டினால் போதும். அது ஜெபம் என்பதையும் கவனியுங்கள். கர்த்தர் சிறையிருப்பைத் திருப்பினதை முதல் வசனத்தில் நினைத்து மகிழ்ந்தவர்கள், 4-ல் மறுபடி "திருப்பும்" என்று கேட்கிறார்கள். ஒரு தரம் வந்த வெள்ளம் போதவில்லை.

இதோடு 1 இராஜாக்கள் 17:2-7. கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த பகுதியை ஞாயிறு பள்ளியில் 6-ம் வசனத்தோடு முடித்துவிடுவார்கள். 7-ம் வசனம்: மழை பெய்யாததால் அந்த ஆறு வற்றிப்போயிற்று. தேவன் போகச் சொன்ன இடம், தேவன் காட்டின ஆறு, அதுவே வற்றுகிறது. எலியா கீழ்ப்படியாததால் வற்றினது என்று ஒரு வார்த்தை இல்லை. கையிலிருந்த பணம் வைத்தியத்தில் கரைந்து நிற்கிற குடும்பத்துக்கு இந்த ஒரு வசனத்தை விளக்கமே இல்லாமல் வாசித்துவிட்டு அமைதியாக இருங்கள். அடுத்த வசனத்தில் சாறிபாத்துக்குப் போகச் சொல்கிற வார்த்தை வருகிறது. ஆறு வற்றினதற்கு முன்னால் வரவில்லை.

"மேலே காய்ந்திருந்தாலும் தோண்டினால் ஊற்று" என்கிற உவமை நம் பக்கம் ரொம்பப் பழக்கம். வெயில் மணலின் மேல் பரப்பைத்தான் உலர்த்தும், மணல்துகள்களுக்கு நடுவே தண்ணீர் மெதுவாகக் கீழே நகர்ந்துகொண்டிருக்கும், அதனால் ஆற்றில் ஊற்று தோண்டுவது உண்மையான பழக்கம்தான். ஆனால் மணலை அள்ளிவிட்ட இடத்தில் ஊற்று வராது. தோல் கழிவு இறங்கின இடத்தில் வந்தாலும் வாயில் வைக்க முடியாது. அந்த மாசு பற்றின வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது. ஆகையால் அந்த உவமையைச் சொல்வதென்றால் முழுக்கச் சொல்லுங்கள், ரோமர் 8:19-22-ஐ அதன் பக்கத்தில் வையுங்கள். "சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்து"ப் பிரசவவேதனைப்படுகிறது என்கிறார் பவுல். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு அது கவிதை கிடையாது, கிணற்றுத் தண்ணீர். அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்து இன்று வேலை போனவரும் உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். யாரையும் குற்றவாளியாக்காமல், "நாமும் இந்த ஆறும் சேர்ந்தே தவிக்கிறோம்" என்று ஜெபியுங்கள்.

ஆற்றுக்குள் ஆட்களை இறக்காதீர்கள். மணல் அள்ளின பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. பாலத்தின் நடைபாதையில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் போதும்.

சபை மூப்பர்:

குழுவின் பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் பயம் அர்த்தமுள்ளது, அதைத் தள்ளிவிடாதீர்கள். சிருஷ்டித்தவரை விட்டுச் சிருஷ்டியைத் தொழுவதை ரோமர் 1:25 கண்டிக்கிறது. சூரியனையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் பார்த்து அவற்றை வணங்க இழுக்கப்படாதே என்று உபாகமம் 4:19 எச்சரிக்கிறது. ஆனால் அதே வேதத்தில்தான் சங்கீதம் 19 இருக்கிறது. அந்தச் சங்கீதம் கட்டப்பட்ட விதத்தை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். 1 முதல் 6 வரை வானமும் சூரியனும். "அவைகளுக்குப் பேச்சுமில்லை, வார்த்தையுமில்லை" என்கிறது. 7-ல் "கர்த்தருடைய வேதம் குறைவற்றதும்" என்று திரும்புகிறது. 14-ல் "என் கன்மலையும் என் மீட்பருமாகிய கர்த்தாவே" என்று ஜெபத்தில் முடிகிறது. வானம், வேதம், ஜெபம். உங்கள் அரை மணி நேரத்தையும் அதே வரிசையில் நடத்தினால் பெரியவர் தாமே வந்து சங்கீதத்தை வாசிப்பார்.

காகத்தைப் பற்றி அவர் தயங்கியிருந்தால் லூக்கா 12:24-ஐக் காட்டுங்கள். லேவியராகமம் 11-ல் தீட்டான பறவைகளில் காகமும் ஒன்று. தீட்டென்று ஒதுக்கப்பட்ட பறவையை எடுத்துத்தான் "தேவன் பிழைப்பூட்டுகிறார்" என்கிறார் ஆண்டவர். நம் ஊரில் அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைக்கிற பழக்கம் அக்கம்பக்கத்தில் உண்டு. ஆகவே கூட்டத்தில் காகத்துக்கு உணவு வைக்கிற செயல்முறை வேண்டாம், வீண் குழப்பம் வரும். பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறு. துன்பத்தில் இருக்கும் மனம் எதையும் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். பல்லி சொன்னது, பட்டாம்பூச்சி தோளில் உட்கார்ந்தது, ஆபரேஷன் அன்று மழை பெய்தது, எல்லாம் "கர்த்தர் பேசினார்" என்று ஆகிவிடும். அது சகுனம் பார்ப்பது. பேர் மட்டும் மாறியிருக்கிறது. சகுனம் "எனக்கு என்ன நடக்கும்" என்று கேட்கும். தியானம் "கர்த்தர் யார்" என்று கேட்கும். யோபு 38 முதல் 41 வரை கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். மனுஷர் குடியில்லாத வனாந்தரத்தில் பெய்கிற மழையைக் காட்டுகிறார், காக்கைக் குஞ்சுகளைக் காட்டுகிறார், வரையாட்டையும் காட்டுக்கழுதையையும் காட்டுகிறார். நாலு அதிகாரத்திலும் யோபின் பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்பதற்கு ஒரு வரி விளக்கம் கிடையாது. நம் குழுக்களும் அந்த விளக்கத்தைக் கொடுக்க முயலக் கூடாது.

அதேபோல மத்தேயு 10:29. அடைக்கலான் குருவி விழாது என்று ஆண்டவர் சொல்லவில்லை. பிதாவின் சித்தமில்லாமல் விழாது என்றார். விழுகிறது, அவருக்குத் தெரிந்து விழுகிறது. இதைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

தோட்டப்பாளையம் வாசி:

ரொம்ப நன்றி, எல்லாவற்றையும் குழுவில் வாசித்துக் காட்டினேன். இன்னும் இரண்டு கேள்வி. வெளியே வர முடியாத நோயாளிகளுக்கு, நாலாவது மாடி ஜன்னல் மட்டும்தான். அவர்களுக்கு என்ன செய்யலாம்? விதை முளைக்க வைத்துக் காட்டலாம் என்று ஒரு சகோதரி சொன்னார். ஒருவர் "கழுகு 40 வயதில் தன் அலகை உடைத்துக்கொண்டு புதுப் பெலன் அடையும்" என்று பேசத் தயாராகிறார். அதைச் சேர்க்கலாமா?

ஜன்னலோரம்:

அண்ணே, அந்தக் கழுகுக் கதையை முதலிலேயே நிறுத்துங்க. எந்தக் கழுகும் அலகை உடைத்துக்காது. உடைஞ்சா கிழிச்சுச் சாப்பிட முடியாம செத்துப்போகும். இறகும் மொத்தமாப் பிடுங்கிக்காது, கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து முளைக்கும். வழிதப்பின ஆட்டுக்குட்டியின் காலை மேய்ப்பன் உடைப்பான் என்கிற கதையும் அப்படியே, வேதத்தில் எங்கேயும் கிடையாது. ரெண்டும் "கர்த்தர்தான் உன்னை உடைக்கிறார்" என்று நோயாளிகிட்ட சொல்றதுலதான் போய் முடியும். காலில் கம்பி போட்டுப் படுத்திருக்கிறவர் அதைக் கேட்டு ராத்திரி தூங்குவாரா, யோசிங்க.

உண்மையான பறவை ஜன்னலுக்கு வெளியிலேயே இருக்கு. காலையில் வெயில் ஏறி மலைப்பாறை சூடாகி, ஒன்பது பத்து மணிக்கு மேலே பருந்துகள் வட்டமிட ஆரம்பிக்கும். ஒரு பருந்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு, அது எத்தனை வட்டத்துக்கு ஒரு தடவை இறக்கையை அடிக்குதுன்னு எண்ணச் சொல்லுங்க. பெரும்பாலும் அடிக்கவே அடிக்காது, சூடான காற்று கீழேயிருந்து தூக்கும். வாலை மட்டும் இப்படி அப்படித் திருப்பும். காலையில் ஆறு மணிக்குப் பார்த்தா அதே பறவை கம்பத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், காற்று சூடாகிற வரைக்கும் காத்திருக்கும். அப்புறம் ஏசாயா 40:31. "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ" என்றுதான் வசனம் ஆரம்பிக்குது. அதில் வரிசையையும் கவனிக்க வையுங்க: முதல்ல எழும்புறது, அப்புறம் ஓடுறது, கடைசியில் "நடந்தாலும் சோர்வடையார்கள்". பிசியோதெரபியில் வாக்கரைப் பிடிச்சு எட்டு அடி வைக்கிறவருக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் சொந்தம்.

விதை விஷயம் நல்லது, ஆனா முதல்ல ஒண்ணு: கீமோ போகிறவங்க, மாற்று அறுவை சிகிச்சை ஆனவங்க, வெள்ளணு குறைஞ்சவங்க அறைக்குள் மண், பூந்தொட்டி, பூச்சாடித் தண்ணி எதுவும் கூடாது. அதில் இருக்கிற பூஞ்சையும் கிருமியும் நமக்கு ஒண்ணும் பண்ணாது, அவங்களுக்கு ஆபத்து. ஈரத்துல முளைக்கிற பயறும் அதே கணக்குதான். வார்டு சிஸ்டரைக் கேட்காம எதையும் உள்ளே கொண்டுபோகாதீங்க. அவங்களுக்கு ஜன்னலும் வானமும் போதும். விதை கூட இருக்கிறவங்களுக்கு, லாட்ஜ் அறையில்.

பச்சைப்பயறு எடுங்க, இருபது மணி. ஒண்ணு ரெண்டு வேண்டாம், காரணம் சொல்றேன். ராத்திரி முழுக்க ஊற வையுங்க. காலையில் கண்ணாடி டம்ளருக்கு உள்பக்கமா டிஷ்யூ பேப்பரைச் சுத்தி நனைச்சு, கண்ணாடிக்கும் பேப்பருக்கும் நடுவே பயறைச் செருகுங்க, அப்பத்தான் வெளியிலிருந்து தெரியும். அடியில் அரை அங்குலம் தண்ணி போதும், பயறு தண்ணியில் முங்கக் கூடாது. முங்கினா மூச்சு முட்டி அழுகி, மறுநாளே நாற்றம் வரும். முதல் தடவை கெட்டுப்போறது எல்லாம் இப்படித்தான். இந்த வெயிலில் ஒரே நாளில் தோல் வெடிச்சு வெள்ளையா ஒரு முனை வரும். அது வேர். தளிர் அப்புறம்தான். மூணாம் நாள் டம்ளரைப் படுக்க வையுங்க. அடுத்த நாள் பார்த்தா வேர் நுனி திரும்பவும் கீழ்ப்பக்கமா வளைஞ்சிருக்கும். இதைப் பார்த்துட்டு மாற்கு 4:26-28 வாசிங்க: "அவனுக்குத் தெரியாதவிதமாய்" விதை முளைக்குது, நிலம் "தானாய்" பலன் கொடுக்குது. விதைச்சவன் செய்கிற வேலை ராத்திரி தூங்கி பகலில் எழுந்திருக்கிறது. ஆறு மாசமா ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து தூக்கம் கெட்டவங்களுக்கு, தூங்குறதும் விசுவாசம்தான்னு சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை.

இருபது ஏன்னா, ரெண்டு மூணு முளைக்காது. ஆளுக்கு ஒரே விதை கொடுத்து, ஒரு அம்மாவோடது மட்டும் முளைக்கலைன்னா, அவங்க தன் பிள்ளையை நினைச்சுக்குவாங்க. மூப்பர் ஐயா சொன்ன சகுனம் அங்கேதான் ஆரம்பிக்கும். அதனால டம்ளர் பொதுவா ஒண்ணு, பேர் எழுதாம.

யோனா 4-ஐயும் எடுக்கலாம், கோபமா இருக்கிறவங்களுக்கு. யோனாவுக்கு நிழல் கொடுத்து மறுநாளே பட்டுப்போன செடி பழைய மொழிபெயர்ப்பில் ஆமணக்குச்செடி. நம்ம ஊர்க் குப்பைமேட்டில் எல்லாம் நிக்கும். கை விரிச்ச மாதிரி பெரிய இலை, உள்ளே கூடான தண்டு, மளமளன்னு வளரும், வெட்டிப்போட்டா கொஞ்ச நேரத்தில் துவண்டு விழும். செடியைப் போய்ப் பார்க்கலாம், கொட்டையை யார் கையிலும் கொடுக்காதீங்க. அது விஷம், குழந்தைங்க வாயில் போட்டுக்கும். யோனா "சாகிறது நலம்" என்கிறான், கர்த்தர் அவனை விட்டுப்போகாமப் பேசிக்கிட்டே இருக்கார், புத்தகம் ஒரு கேள்வியோட முடியுது. நீங்களும் அந்தக் கேள்வியோட விட்டுடுங்க.

கரம்புநிலம்:

நம் மாவட்டத்திலேயே ஒரு இடம் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1950-களில் தொடங்கினபோது அந்த நிலம் சரளையும் பாறையுமான கரம்பு. அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் எர்னஸ்ட் ஃப்ரிட்ஷி, சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு மழைத் தண்ணீரை நிறுத்தி மரம் வைத்தார். முதலில் ஓடுகிற தண்ணீரை நடக்க வைத்து, பிறகு நிற்க வைத்து, பிறகு இறங்க வைப்பது. மண் அரிப்பு நின்றது, நிலத்தடி நீர் ஏறினது, பறவைகள் வந்தன. ஏசாயா 35-ஐ, "வனாந்தரமும் வறண்ட நிலமும் மகிழ்ந்து" என்கிற பகுதியை, இதோடு வாசியுங்கள். அது ஒரு மழையில் நடந்ததில்லை, வருஷக்கணக்கான மண்வேலை. லூக்கா 13:8-ல் தோட்டக்காரன் அத்திமரத்துக்குக் கேட்பதும் அதுதான்: இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன்.

1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றியும் குழுவில் யாராவது பேசக்கூடும். தொழுநோயாளிகளின் விரல்கள் பாழாவது சதை தானாக அழுகுவதால் வருவதில்லை, உணர்ச்சி மரத்துப்போய்ச் சூடும் காயமும் தெரியாமல் போவதால்தான் என்பதை அவரும் உடன் உழைத்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். வலி உடம்பைக் காக்கிற ஏற்பாடு என்பது அதிலிருந்து வந்த அறிவு. சிருஷ்டிப்பைப் பற்றிப் பேச அருமையான விஷயம். ஆனால் புற்றுநோய் வலியில் துடிப்பவரிடம் "வலி ஒரு வரம்" என்று சொல்லிவிடாதீர்கள். அவருக்கு வேண்டியது வலி மாத்திரை நேரத்துக்குக் கிடைப்பது. அந்த வாரம் குழு செய்கிற ஊழியம் நர்ஸைக் கூப்பிட்டு அதைச் சொல்வதாக இருக்கட்டும்.

1 இராஜாக்கள் 19-லும் அதே வரிசைதான். சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்ற எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கம், தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் மெல்லிய சத்தமும் அதற்கு 40 நாள் கழித்து. ஆகவே கூட்டத்துக்கு வரும்போது ஒரு ஃபிளாஸ்க் காபியும் இட்லியும் கொண்டுபோங்கள், தியானத்துக்கு முன்னாலேயே கொடுங்கள்.

நேரம் காலை 5:45 முதல் 6:30 வரை. ஏழரைக்கு மேல் பெரியவர்களை வெயிலில் நிறுத்தாதீர்கள். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி கட்டாயம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு வரக் கூடாது.

தோட்டப்பாளையம் வாசி:

சனிக்கிழமை வேம்பில் ஆரம்பிக்கிறோம். பெரியவர் சங்கீதம் 19 வாசிக்க ஒத்துக்கொண்டார். கழுகுக் கதை எடுத்தாச்சு. லாட்ஜ் பக்கம் மரம் இல்லாததால் கிளை ஒடித்துக் கொண்டுபோகலாமா?

வேப்பங்கொழுந்து:

ஒடித்த கிளை இந்த வெயிலில் அரை மணியில் துவண்டுவிடும், கொழுந்துதான் முதலில் தலை சாயும். அதைப் பார்த்துக்கொண்டு எரேமியா 17 வாசிக்க முடியாது சகோ. மரம் இருக்கிற இடத்துக்கு ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போங்கள், கோட்டை அகழிப் பக்கம் நிழல் இருக்கிறது. வர முடியாதவர்களுக்கு மட்டும், பல் துலக்க ஒடித்து விற்கிற வேப்பங்குச்சி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்க் கையில் கொடுங்கள். வார்டில் இருப்பவர் என்றால் முதலில் சிஸ்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இலை உதிர்ந்த தழும்பு அதிலும் இருக்கும், விரலால் தடவினால் தட்டுப்படும்.